அணுவும் ஆலையும் – 11: கரிச் சீமைக்கு அணு உலை தந்த வாக்கு

1957-ல் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எஸ்ஸன், போகும், டோர்ட்மண்ட், கெல்சன்கிர்ஷன் என்று ரூர் ஆற்றை ஒட்டி நெருக்கியடித்து வளர்ந்த நகரங்களைச் சேர்ந்தவர்கள். அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. அட்லாண்டிக்கைக் கடந்து வந்த அமெரிக்கக் கரி, காலடியில் பல நூறு மீட்டர் ஆழத்திலிருந்து வெட்டியெடுத்த ரூர் கரியைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. எண்ணெய் அதற்கும் கீழே விலைபோனது. சுரங்க வாசல்களில் விற்காத கரி குவிந்தது. முதலில் சம்பளமில்லாத கட்டாய விடுமுறை வந்தது, பிறகு சுரங்கங்களே ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மிஞ்சியவற்றைக் காப்பாற்ற 1968 நவம்பரில் பெரும்பாலான சுரங்கங்களை ஒன்றாக இணைத்து ‘ரூர்கோலே’ என்ற நிறுவனத்தை அமைத்தார்கள். இந்த இறங்குமுகத்தின் நடுவில்தான், கரிக்கு எமனாக வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்த அணு உலையே கரியைக் காப்பாற்றும் என்ற எண்ணம் ரூர் வட்டாரத்தில் வேர்விட்டது. அணுவின் வெப்பத்தால் கரியை எரிவாயுவாக மாற்றலாம், சுரங்கமும் பிழைக்கும், வட்டாரமும் பிழைக்கும் என்று பொறியாளர்களும் அரசியல்வாதிகளும் தொழிற்சங்கங்களும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை இன்று எளிதாகத் தள்ளிவிடுகிறோம். அது கனவு மட்டுமல்ல, அதன் அடியில் திடமான பௌதிகமும் வேதியியலும் இருந்தன. நீராவியோடு சேர்த்துக் கரியை 800 டிகிரி வாக்கில் சூடாக்கினால் அது ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயுவாகிறது. இந்த வினை வெப்பத்தைக் குடித்துக்கொண்டே நடக்கும். வழக்கமான முறையில் அந்த வெப்பத்துக்காக, உள்ளே போடும் கரியிலேயே கணிசமான பங்கை ஆக்சிஜனில் எரித்தாக வேண்டும். வெப்பம் வெளியிலிருந்து கிடைத்தால் அவ்வளவு கரியும் வாயுவாகும். விலை உயர்ந்த, ஆழத்திலிருந்து எடுத்த கரியை வைத்துக்கொண்டு தவித்த ஒரு வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடைக்காது. சாதாரண நீர் உலைகள் தரும் நீராவி 300 டிகிரியைத் தாண்டுவதில்லை. அதற்கு மேலே போகும் உலை வேண்டும். அந்த உலையும் ரூருக்கு மேற்கே, நூறு கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில், யூலிஷ் என்ற சிற்றூரில் தயாராகிக்கொண்டிருந்தது.

யூலிஷ் உலை ருடோல்ஃப் ஷூல்டனின் யோசனை. எரிபொருளைக் கம்பிகளாக அடுக்காமல், 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிராஃபைட் கோளங்களுக்குள் பொதிந்தார். ஒவ்வொரு கோளத்திலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆயிரக்கணக்கான எரிபொருள் மணிகள் இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாகக் கார்பன் பூச்சு உண்டு. கோளங்களை மேலிருந்து போட்டுக் கீழிருந்து எடுப்பார்கள். உலையை நிறுத்தாமலே, தானியக் குதிரில் கொட்டி அள்ளுவதுபோல எரிபொருள் மாற்றலாம். கோளங்களுக்கிடையே ஹீலியம் ஓடி வெப்பத்தை எடுத்துச் செல்லும். உலோகக் கூடு இல்லாததால் இந்த அமைப்பு அதிக வெப்பத்தைத் தாங்கும். 1966 ஆகஸ்டில் இந்த உலை முதல்முறை தொடர்வினையை எட்டியது. மின் உற்பத்தி வெறும் 15 மெகாவாட்தான். ஆனால் 1974 பிப்ரவரியில் அதன் ஹீலியம் 950 டிகிரியில் வெளியே வந்தது. கரியை வாயுவாக்கப் போதுமான வெப்பம் அது. எண்ணெய் விலை நாலு மடங்காக ஏறிய சில வாரங்களில் இந்த எண் கிடைத்தது என்பதை மறக்கக்கூடாது. பொறியாளர்களுக்குக் காற்று தங்கள் பக்கம் வீசுவதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அடுத்த பத்தாண்டு, இதே நோக்கத்தில் செய்யப்பட்ட வேலையின் அளவு மலைக்கவைப்பது. சுரங்கத் தொழிலின் ஆராய்ச்சி நிலையம் எஸ்ஸனில் நீராவி வாயுவாக்கத்துக்கு மாதிரி ஆலை அமைத்தது. பழுப்புக் கரிக் கம்பெனி வெஸ்ஸலிங்கில் ஹைட்ரஜனைப் பயன்படுத்தி வாயுவாக்கும் முறையைச் சோதித்தது. பென்ஸ்பெர்க்கில் 10 மெகாவாட் அளவில் 950 டிகிரி ஹீலியத்தைச் சுற்றவிட்டு வெப்பமாற்றிகளையும் குழாய்களையும் வால்வுகளையும் பரிசோதித்தார்கள். யூலிஷில் இன்னும் துணிச்சலான ஒன்று நடந்தது. மீத்தேனையும் நீராவியையும் அணு வெப்பத்தால் பிளந்து, அந்த வாயுவைச் சாதாரணக் குளிர்ந்த குழாயில் தொலைதூரம் அனுப்பி, போய்ச் சேரும் இடத்தில் மறுபடி மீத்தேனாக்கினால், உள்ளே வாங்கிய வெப்பம் முழுக்க வெளியே வரும். மீத்தேன் இன்னொரு குழாயில் உலைக்குத் திரும்பிவிடும். பிளக்கும் கருவிக்கு ஏவா என்றும் சேர்க்கும் கருவிக்கு ஆடம் என்றும் பெயரிட்டார்கள். 1979 முதல் இரண்டையும் இணைத்து ஓட்டிக் காட்டினார்கள். வெப்பத்தை நெடுந்தூரம் கொண்டுபோக முடியாது என்ற பழைய தடைக்கு அது நேரடியான பதில். பொறியியல் என்ற அளவில் அந்தச் சோதனை இன்றும் மதிப்புக் குறையாதது.

இவ்வளவுக்குப் பிறகும் அணு வெப்பத்தால் ஒரு மூட்டை ரூர் கரிகூட வாயுவாகவில்லை. எஸ்ஸனிலும் யூலிஷிலும் ஹீலியத்தைச் சூடாக்கியது மின்சாரம். பென்ஸ்பெர்க்கிலும் அணு உலை கிடையாது. யூலிஷ் உலையோடு இந்தக் கருவிகளை இணைக்கும் திட்டம் தாளோடு நின்றது. ஏன் என்று கேட்டால் மூன்று பதில்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. தொழில்நுட்பம் முதிரவில்லை என்பது ஒன்று, செர்னோபில் கொன்றுவிட்டது என்பது இன்னொன்று, பணம் தீர்ந்துவிட்டது என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றுமே கேள்வியின் மையத்தைத் தொடவில்லை என்பதே என் வாதம். ரூரின் திட்டத்தில் வெப்பம் இருந்தது, கருவி இருந்தது, கரி இருந்தது; அந்த வாயுவை அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை. அணு வெப்பம் ஆலைக்கு உதவிய இடங்களையும் உதவாத இடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வெப்பமானி காட்டும் எண்ணைவிட, வாங்குபவர் யார், எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார், உலை நின்றால் நஷ்டம் யாருடையது என்ற கணக்குகளே விதியைத் தீர்மானித்திருக்கின்றன.

முதலில் தொழில்நுட்ப முதிர்ச்சி. 950 டிகிரியில் உலோகம் மெல்ல மெல்ல நீண்டு இளகும். ஒரு பக்கம் 40 பார் அழுத்தத்தில் ஹீலியம், மறுபக்கம் நீராவியும் வாயுவும், நடுவே மெல்லிய குழாய்ச் சுவர். அது ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். இதைவிட நுட்பமான தொல்லை டிரிட்டியம். உலையில் உண்டாகும் இந்தக் கதிரியக்க ஹைட்ரஜன் சூடான உலோகத்தை ஊடுருவிப் போகும், வீட்டு அடுப்புக்குப் போகவிருக்கும் எரிவாயுவில் கலந்துவிடும். அதைத் தடுக்க நடுவே இரண்டாவது ஹீலியச் சுற்று ஒன்றை வைத்தார்கள். அதனால் ஐம்பது டிகிரி வாக்கில் வெப்பம் குறைந்தது, செலவும் கூடியது. இவை கடினமான சிக்கல்கள்தான். ஆனால் பென்ஸ்பெர்க் சோதனைகள் இவற்றுக்கு விடை இருப்பதைக் காட்டின. ஜப்பானில் ஓஅராயில் உள்ள 30 மெகாவாட் சோதனை உலை 2004-ல் இதே 950 டிகிரியை எட்டியது. ஆகவே முடியாத காரியம் என்று சொல்ல ஆதாரமில்லை.

யூலிஷ் உலையின் மறுபக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை மறைத்து எழுதிய வரலாறுகள் போதும். 1978 மே மாதத்தில் கோளப் படுகைக்கு மேலேயே அமைந்திருந்த நீராவிக் கொதிகலன் கசிந்து 27 டன்னுக்கு மேல் தண்ணீர் உலைக்குள் இறங்கியது. 1986-ல் உருகு கம்பிகள் பொதித்த கோளங்களை உள்ளே அனுப்பிப் பார்த்தபோது, கணக்கிட்டதைவிட மிக அதிகமான வெப்பம் படுகையின் சில பகுதிகளில் இருந்தது தெரிந்தது. பல கோளங்களில் கம்பிகள் முழுக்க உருகியிருந்தன. சீசியமும் ஸ்ட்ரான்சியமும் உலைக்கலத்துக்குள் எங்கும் படிந்தன. 2008-ல் அதே ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானி ராய்னர் மூர்மன் இதை வெளிப்படையாக எழுதினார். 1988 கடைசி நாளில் நிறுத்திய உலையின் 2,000 டன் எடையுள்ள கலத்தை, உள்ளே கான்கிரீட் நிரப்பி, 2015-ல்தான் சில நூறு மீட்டர் தள்ளியிருந்த கூடத்துக்கு நகர்த்த முடிந்தது. பயன்படுத்திய ஏறத்தாழ 3 லட்சம் கோளங்கள் 152 பெட்டகங்களில் காத்திருந்தன. அவற்றை வைத்திருந்த கிடங்கின் உரிமம் 2013-ல் முடிந்தும் போக்கிடம் முடிவாகவில்லை. உயர்ந்த வெப்பத்துக்கான விலையில் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இனி செர்னோபில். ரூரின் கிழக்கு விளிம்பில், ஹாம் நகரையடுத்த யூன்ட்ரோப்பில், யூலிஷின் பெரிய தம்பியாக 300 மெகாவாட் தோரியம் உலை எழுந்தது. 1971-ல் தொடங்கிய வேலை, பாதுகாப்பு விதிகள் நடுவழியில் மாற மாற இழுபட்டு, 1985-ல்தான் மின்கம்பியோடு இணைந்தது. சுமார் 70 கோடி மார்க் என்று போட்ட மதிப்பீடு 400 கோடியைத் தாண்டியது. 1986 மே 4 அன்று, செர்னோபில் வெடித்து எட்டே நாளில், கோளம் ஒன்று ஊட்டுக் குழாயில் சிக்கியது. அதை விடுவிக்க முயன்றபோது கதிரியக்கத் தூசு வெளியேறியது. அளவு சிறியது. ஆனால் ஐரோப்பா முழுக்க மழைநீரை அளந்துகொண்டிருந்த வாரத்தில், அதை உடனே வெளியே சொல்லாதது பெரிய குற்றமாகப் பார்க்கப்பட்டது, அப்படிப் பார்த்தது நியாயமும்கூட. பிறகு கட்டுப்பாட்டுக் கம்பிகள் படுகைக்குள் நேரே இறங்கியதில் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் கோளங்கள் உடைந்தன. சூடான ஹீலியம் போகும் வழியில் முப்பதுக்கு மேற்பட்ட போல்ட் தலைகள் முறிந்து கிடந்தன. மொத்தம் 423 முழுத்திறன் நாள்கள் ஓடியதோடு 1989-ல் கதை முடிந்தது. செர்னோபில் இல்லாவிட்டால் இது பிழைத்திருக்கும் என்று வாதிடுபவர்கள், உலையை நடத்திய நிறுவனம் அப்போது திவாலாகும் நிலையில் இருந்ததையும், மேற்கொண்டு நஷ்டத்தைச் சுமக்க மத்திய அரசோ மாநில அரசோ மின் நிறுவனங்களோ முன்வராததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே வாங்குபவர் கைநழுவிப் போயிருந்தார். 1959-ல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் கண்டெடுத்த எரிவாயு அறுபதுகளிலேயே ஜெர்மன் குழாய்களுக்குள் வந்துவிட்டது. 1973-ல் சோவியத் வாயுவும் வந்தது. கரியிலிருந்து எடுக்கும் வாயு, நிலத்தடியிலிருந்து நேரே வரும் வாயுவோடு போட்டியிட்டாக வேண்டும். அந்தப் போட்டியில் அணு வெப்பம் செலவில் ஒரு பகுதியைத்தான் குறைக்கும், கரியின் விலையைக் குறைக்காது. இறக்குமதிக் கரியோடே போட்டியிட முடியாமல் அரசு மானியத்தில் வாழ்ந்த கரி, எவ்வளவு சிறந்த உலையில் போட்டாலும் விலை உயர்ந்த வாயுவாகத்தான் வெளியே வரும். எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகும் என்ற ஒரே அனுமானத்தின் மேல்தான் முழுக் கணக்கும் நின்றது; 1986-ல் அந்த விலை சரிந்தது. எந்தத் தொழில் தன் வாடிக்கையாளரை இழந்துவிட்டதோ அதற்குச் சேவகம் செய்யும்படி உலையை வடிவமைத்ததுதான் ரூர் திட்டத்தின் அடிப்படைக் குறை என்று நினைக்கிறேன்.

ரூர் தோற்ற அதே ஆண்டுகளில் ஸ்விட்சர்லாந்தில் ஆரவாரமில்லாமல் ஒரு காரியம் நடந்தது. 1979-ல் இயங்கத் தொடங்கிய கோஸ்கன் அணுமின் நிலையம், அந்த ஆண்டே பக்கத்திலிருந்த அட்டை ஆலைக்கு சுமார் 2 கிலோமீட்டர் குழாய் வழியே நீராவி அனுப்ப ஆரம்பித்தது. உலை சாதாரண நீர் உலை. அட்டைக் கூழை உலர்த்த 200 டிகிரி வாக்கில் நீராவி போதும், அதற்கு உலையின் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கு போதும். ஆலை எரித்துக்கொண்டிருந்த எண்ணெய் மிச்சமானது. 2009-ல் இன்னொரு காகித ஆலையும் சேர்ந்துகொண்டது. நார்வேயில் ஹால்டனில், மலையைக் குடைந்து வைத்த சிறு ஆராய்ச்சி உலை பல பத்தாண்டுகள் பக்கத்துக் காகித ஆலைக்கு நீராவி தந்தது. இந்தியாவில் ராஜஸ்தான் அணுமின் நிலையத்து நீராவி அருகிலுள்ள கனநீர் ஆலையை ஓட்டியது; கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தோடு இணைந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 6,300 கன மீட்டர் நன்னீர் தரும்படி கட்டப்பட்டது. நூற்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு என்ன நிரூபிக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இவை எஃகு ஆலையையோ எத்திலீன் ஆலையையோ ஓட்டவில்லை, ஒரு மாவட்டத்தின் முகத்தை மாற்றவுமில்லை. ஆனால் இவற்றில் வாங்குபவர் ஏற்கெனவே அங்கே இருந்தார், அல்லது உலையின் கூடவே வந்தார். உலை நீராவிக்காக மட்டும் கட்டப்படவில்லை. நீராவி நின்றாலும் மின்சாரம் விற்கும்.

பெரிய அளவில் இதைச் செய்யப் போனவர்களின் பாடம் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து மிட்லண்டில் இருக்கிறது. டவ் கெமிக்கல் நிறுவனத்தின் தாய்நகரம் அது. ஆற்றுக்கு இக்கரையில் ரசாயன ஆலை, அக்கரையில் கன்சூமர்ஸ் பவர் கட்டும் இரண்டு அணு உலைகள். மின்சாரம் ஊருக்கு, நீராவி டவ்வுக்கு. வாங்குபவர் பக்கத்திலேயே இருந்தார், தேவையும் பெரியது. இருந்தும் கெட்டது. வழக்குகளால் அனுமதி தாமதமானது, பிறகு சரியாக இறுக்காத மண்மேல் எழுப்பிய கட்டடம் அமிழத் தொடங்கியது. டவ் தன் பழைய கொதிகலன்களை மூடவும் முடியாமல் புதுப்பிக்கவும் முடியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. 1983-ல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. மறு ஆண்டு, சுமார் 400 கோடி டாலர் செலவாகிப் பெரும்பகுதி முடிந்த நிலையில், திட்டமே கைவிடப்பட்டது. அதே வளாகத்தில் 1990 முதல் இயற்கை வாயு எரிக்கும் நிலையம் ஓடுகிறது. டவ்வுக்கு நீராவி அங்கிருந்துதான் போகிறது. ஆற்றைத் தாண்டி நீராவி விற்கும் யோசனை சரியாகவே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. தவறியது தேதி. ரசாயன ஆலைக்கு நீராவி இன்றைக்கு வேண்டும், எட்டு ஆண்டு கழித்து வருவது உதவாது. வந்த பிறகும் எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தும் வாரங்களில் யார் நீராவி தருவது என்பதற்கு ஒப்பந்தத்தில் இடமிருக்க வேண்டும். இன்று டெக்ஸாஸின் சீட்ரிஃப்டில் அதே டவ் நிறுவனம், எக்ஸ்-எனர்ஜியின் நாலு சிறிய கோள உலைகளை வைத்து ஆலைக்கு நீராவியும் மின்சாரமும் எடுக்கத் திட்டமிட்டு, 2025-ல் கட்டுமான அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறது. ஒரே பெரிய உலைக்குப் பதிலாக நாலு சிறியவை என்பதன் பெரிய அனுகூலம் இங்கேதான்: ஒன்று நின்றாலும் ஆலை நிற்காது.

வட்டாரத்தின் மறுவாழ்வு என்ற கேள்வியை இத்தனை நேரம் ஓரத்தில் வைத்திருந்தேன். அணு உலை வந்தால் ஊர் வளரும் என்று சொல்பவர்கள் கட்டுமானக் காலத்து ஆள்கணக்கைக் காட்டுவார்கள். அமெரிக்காவின் வயோமிங்கில் கெம்மரர் என்ற கரி ஊரில் 2024-ல் டெர்ராபவர் உலைக்கான வேலை தொடங்கியபோது, கட்டும் காலத்தில் உச்சமாக 1,600 பேருக்கும், ஓடும் காலத்தில் சுமார் 250 பேருக்கும் வேலை என்று அந்த நிறுவனம் சொன்னது. சில ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு 250 வேலை பெரிது. 6 லட்சம் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அது விடையாகாது. ஊரை வளர்ப்பது உலையின் நீராவியை வாங்க வரும் ஆலைகள். ரூருக்குப் பின்னாளில் கிடைத்தவை வேறு வழிகளில் வந்தன: 1962-ல் போகுமில் ஓப்பல் கார் ஆலை, 1965-ல் அதே ஊரில் பல்கலைக்கழகம், 1968-ல் டோர்ட்மண்டில் இன்னொன்று, 1989 முதல் பத்தாண்டு எம்ஷர் ஆற்று வட்டாரத்தைச் சீரமைத்த பெருந்திட்டம். ஓப்பல் ஆலை 2014-ல் மூடப்பட்டது. பல்கலைக்கழகங்கள் நிலைத்துவிட்டன. கடைசிக் கரிச் சுரங்கமான போட்ராப்பின் ப்ராஸ்பர்-ஹானியல் 2018 டிசம்பரில் மூடியபோது அந்த வட்டாரம் பெரும்பாலும் வேறு தொழில்களுக்கு மாறியிருந்தது. ஆனாலும் இந்த மாற்றம் வலியில்லாமல் நடந்ததாகச் சொல்ல மாட்டேன். கெல்சன்கிர்ஷனின் வேலையின்மை விகிதம் இன்றும் ஜெர்மனியின் மிக மோசமானவற்றில் ஒன்று.

ஷூல்டனின் கோளங்களுக்கு மறுவாழ்வு சீனாவில் கிடைத்தது. பெய்ஜிங்கை அடுத்த ட்சிங்ஹுவா பல்கலைக்கழக வளாகத்தில் 2000-ல் சிறு உலை; ஷான்டோங் கடற்கரையில் ஷிடாவ்வானில் இரட்டை உலை, 2023 டிசம்பரில் வணிக ஓட்டம். அதுவும் முதன்மையாக மின்சாரமே தருவதால், ஆலை வெப்பத்துக்கு அதை இன்னும் சான்றாகக் காட்ட முடியாது. அதைவிட முக்கியமானது ஜியாங்சு மாகாணத்து லியன்யுன்காங்கில் நடப்பது. அங்கே 2024 ஜூன் முதல் தியன்வான் நிலையத்தின் சாதாரண நீர் உலைகள், 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாயில் பெட்ரோ ரசாயன வளாகத்துக்கு நீராவி அனுப்புகின்றன. பக்கத்தில் இருந்தால்தான் வெப்பம் விற்கும் என்று நான் சொன்னதற்கு இது எதிர்ச்சான்று போலத் தெரியும். ஓரளவுக்கு எதிர்ச்சான்றுதான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த நீளக் குழாயின் செலவைச் சுமக்க மறுமுனையில் ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன் நீராவி குடிக்கும் ஒரே வளாகம் இருக்கிறது. சிதறிய வாடிக்கையாளர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 2024 ஆகஸ்டில் அதே வட்டாரத்துக்கு அனுமதி பெற்ற ஷுவெய் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இரண்டு பெரிய நீர் உலைகள் நீராவியை உண்டாக்கும், ஒரு கோள உலை அதன் வெப்பத்தை ஆலைக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்தும். பெரும் பளுவை மலிவான வெப்பத்துக்குக் கொடுத்து, அருமையான உயர் வெப்பத்தைக் கடைசிப் படிக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் இந்தப் பகிர்வு ரூர்க்காரர்களின் திட்டத்தில் இல்லை. மூடப்போகும் சுரங்கத்தின் கரியைக் காப்பது அதன் நோக்கமாகவும் இல்லை. நடந்துகொண்டிருக்கும் தொழில் எரிக்கும் கரியைக் குறைப்பதற்காகவே அது வருகிறது.

ஊர், தண்ணீர், ஆலை, உலை நான்கையும் முதலிலிருந்தே ஒரே வரைபடத்தில் போட்ட முயற்சி ஒன்று இதற்கெல்லாம் முன்பே நடந்திருக்கிறது. காஸ்பியன் கடலின் கிழக்குக் கரைப் பாலைவனத்தில், 1973 முதல் 1999 வரை சோடியம் உலையின் வெப்பத்தில் கடல்நீரைக் காய்ச்சிக் குடித்த ஷெவ்சென்கோ நகரம், இன்றைய அக்டாவ், அடுத்த பகுதியில்.